பதினான்கு படிகள்

அத்தையின் இடுப்பில் புது மூட்டு வைத்து அன்றோடு ஆறு மாதம். பத்தரைக்குத்தான் மருத்துவமனையில் வரச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கே அவர் தலை வாரி, வாக்கரைப் பிடித்தபடி வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை போல் இருந்தார்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. மனைவி இறந்து பதினொரு மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் அவள் இல்லை. நான் எழுதிவரும் இந்த நினைவுக் குறிப்பின் முந்தைய அத்தியாயங்களில் அதைச் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை சொல்லத் தெம்பில்லை.

அவள் போன ஐந்தாம் மாதம் அத்தை தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்தது. மகன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் வீட்டில் கீழேயே ஓர் அறை, ஒட்டினாற்போல் குளியலறை. அதனால் என்னிடம் வந்தார். கொஞ்ச நாளைக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

முதல் ஆறு வாரம் கால்மேல் கால் போடக்கூடாது, குனியக்கூடாது, முழங்காலுக்கு நடுவே தலையணை இல்லாமல் படுக்கக்கூடாது. நாற்காலிக் கால்களுக்கு அடியில் நான்கு மரக்கட்டை வைத்து உயர்த்தினேன். பகலில் ஓர் அம்மா துணைக்கு வந்துபோவார். இரவில் நான்தான். குளியலறை வரை கைப்பிடித்துக் கூட்டிப்போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன். அவருக்குக் கூச்சம், எனக்கு அதைவிட. மூன்றாம் நாள் உள்ளிருந்து குரல் வந்தது.

"சுவத்துல என்னமோ ரொம்ப நேரமா படிக்கிறீங்களே மாப்பிள்ளை. எனக்கும் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

அதற்குப் பிறகு இருவருக்கும் கூச்சம் பாதி போனது.

மீதிப் பாதி வேறு வகை. அது என்னுடையது மட்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன்தினம் மருத்துவமனைக் கட்டிலில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். மாடியறையில் அவர் மகளின் பொருட்கள் எதையும் நான் தொடக்கூடாது. அவரே படியேறி வந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அவர் கையால் மடித்து வைக்க வேண்டும். அது முடிகிற வரை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

"சரி அத்தை" என்றேன்.

மாடியறை அப்போதே காலி.

மனைவி போன மூன்றாவது வாரத்தில் ஒரு சனிக்கிழமை எழுந்தேன், பல் தேய்த்தேன், அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். துணி, புத்தகம், செருப்பு, சீப்பு வரை. ஏழு மூட்டை என்று நினைவு. வாசலில் கொண்டுபோய் வைத்தேன். தொண்டு நிறுவனத்து வண்டி வந்து எடுத்துப்போனது. ஓட்டுநர் தந்த சீட்டில் ஆறு என்று இருந்தது. எண்ணுவதில் தவறிவிட்டேன் போல என்று விட்டுவிட்டேன். மொத்தம் இரண்டு மணி நேர வேலை. பிறகு குளித்துச் சாப்பிட்டேன்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. அவர் குணமாகட்டும் என்று தள்ளிப்போட்டேன். குணமாவதே அந்த அறைக்கு ஏறத்தான் என்று அவர் இருந்தார். காலை மாலை கட்டிலில் படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவார். கதவு திறந்திருந்தால் அங்கிருந்தே படிக்கட்டு தெரியும். பதினான்கு படி என்று எண்ணி வைத்திருந்தார்.

பூச்சி அரிக்காமல் இருக்க வேண்டும் என்று மாதம் ஒரு பொட்டலம் அந்துருண்டை வாங்கி வரச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போய் ஜன்னலைத் திறந்து, வெற்றுத் தட்டுகளில் உருண்டைகளை வைப்பேன். அலமாரிக் கதவைச் சத்தமாக மூடுவேன். கீழே அவருக்குக் கேட்க வேண்டும்.

"ஆச்சா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

நான் லிஃப்ட் சோதனை செய்கிற வேலையில் இருக்கிறேன். கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் என் கண்ணால் பார்க்காமல் எந்தச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அலுவலகத்தில் அதனால் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டால் இப்போதெல்லாம் காது கூசுகிறது.

மூன்றாம் மாதம்தான் பெரிய தப்பு நடந்தது. அத்தை எக்ஸ்ரே அறைக்குள் இருந்தபோது பிசியோதெரபிப் பெண் வெளியே வந்து என்னிடம் இரண்டாவது பயிற்சித் தாளைக் கொடுத்தாள். இனி வாக்கர் வேண்டாம், ஊன்றுகோல் போதும், இன்றிலிருந்தே படியேறிப் பழகலாம் என்றாள். தாளில் படிக்கட்டுப் படம் போட்டிருந்தது. அதை நான்காக மடித்து, சோதனை அறிக்கைகள் வைக்கும் பைக்குள் போட்டேன்.

காரில் வரும்போது, இன்னும் மூன்று மாதம் வாக்கர்தான் என்று அத்தையிடம் சொன்னேன்.

"சரி, எலும்பு என்ன புல்லா, வெட்ட வெட்ட முளைக்க?" என்றார். நம்பிவிட்டார்.

இத்தனையும் பழைய கதை. இனி அந்த நாள்.

ஒன்பது மணிக்குச் சின்னவன் வந்தான். என் மைத்துனன். குடும்பத்தில் என் மனைவி பெரியவள், இவன் சின்னவன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பான். அக்கா இல்லாத வீட்டில் அம்மா இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. வரும்போதெல்லாம் அதை ஏதாவது ஒரு வகையில் சொல்லிவிடுவான். அன்று படிக்கட்டைக் காட்டிச் சொன்னான்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் மாமா பாத்துக்கறாரு. அவர் வீட்டுல ஒண்ணு வெச்சிருந்தா அம்மா எப்பவோ மேல போயிருக்கும்."

நான் வாடகைக் காருக்குச் சொன்னேன்.

மருத்துவமனையில் பிசியோ பெண் அத்தையை எழுந்து நிற்கச் சொன்னாள். வாக்கரை நகர்த்தி வைத்துவிட்டு, தன் பக்கம் நடந்து வரச் சொன்னாள். அத்தை நடந்தார். இடது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. நான்கு எட்டில் இரண்டு சாய்வு. அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"போன தடவை ரெண்டாவது தாள் கொடுத்தேனே, அதுல இருந்ததெல்லாம் செய்யலையாம்மா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"கொடுத்தீங்க டீச்சரம்மா. எனக்குத்தான் பயம். செய்யல."

வீட்டுப்பாடம் கொடுப்பதால் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். டீச்சரம்மா கோபப்பட்டாள். கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. இடுப்புப் பக்கத்துத் தசை இளைத்துவிட்டது, மூன்று மாதம் வீணாகிவிட்டது என்றாள். இனி விடாமல் பழகினால் இந்தச் சாய்வு குறையலாம், முழுசாகப் போகுமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். எல்லாவற்றையும் அத்தையைப் பார்த்தே சொன்னாள். அத்தை தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

சின்னவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, உக்கார வெச்சு சோறு போடறாங்கன்னா அப்படியே உக்காந்துடறதா? வெக்கமா இல்ல?"

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டடி தூரத்தில். பை என் தோளில், தாள் பைக்குள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சுவரில் எலும்புக்கூட்டுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அறையின் மூலையில் பழகுவதற்கென்று ஒரு மரப் படிக்கட்டு உண்டு. இரண்டு பக்கமும் கைப்பிடி, நான்கு படி, ஏறினால் சுவர். அத்தையை அதில் ஏறச் சொன்னாள். ஏறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில் இறங்க வேண்டும்.

"பள்ளம்னா ஆகாதவனை முதல்ல தள்ளி விடணும். அதானே டீச்சரம்மா?"

கோபமாக இருந்தவள் சிரித்துவிட்டாள். இன்னொன்றும் சொன்னாள். நடுப்படியில் எக்காரணம் கொண்டும் திரும்பக்கூடாது. ஏறத் தொடங்கினால் முழுசாக ஏறி, மேலே போய்த்தான் திரும்ப வேண்டும்.

அத்தை ஏறினார். நான்காவது படியில் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"நாலு ஆச்சு மாப்பிள்ளை. வீட்டுல இன்னும் பத்துதான்."

திரும்பும்போது வாடகைக் காரில் சின்னவன் முன்னால் உட்கார்ந்து அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தான். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகவும், மூன்று மாடியும் தானே தூக்கிச் செல்வதாகவும், தினமும் கூடவே நின்று பழக்கப்போவதாகவும் சொன்னான். நானும் அத்தையும் பின்னால் இருந்தோம். ஒரு சிக்னலில் கார் நின்றபோது அவர் ஜன்னலைப் பார்த்தபடியே மெல்லிய குரலில் கேட்டார்.

"அந்தத் தாள் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"எங்க?"

"பையில."

"ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் முழங்கையில் லேசாகத் தட்டிக்கொடுத்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் காரிலேயே சொல்லியிருப்பேனோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் அறைக்குப் போகவில்லை. வாக்கரை நேராகப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். முதலில் சாப்பிடலாம் என்றேன். இன்று வேண்டாம், களைத்திருக்கிறாய் என்று சின்னவனும் சொன்னான். காரில் அத்தனை பேச்சுப் பேசியவன் இப்போது தடுத்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே பாட்டு பாடறீங்க. இதுக்கு முன்னாடி எதுல ஒத்துப்போனீங்க?" என்றார் அத்தை.

வலது கையில் அன்று மருத்துவமனையில் வாங்கிய புது ஊன்றுகோல். இடது கையால் கைப்பிடியைப் பற்றினார். ஒரு படி கீழே, கையை நீட்டியபடி நான். சின்னவன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தரையில் நின்றான்.

நல்ல கால் மேலே போனது, பிறகு ஊன்றுகோல், பிறகு மற்ற கால். ஒன்று. நல்ல கால், ஊன்றுகோல், மற்ற கால். இரண்டு.

நான் பின்னாலேயே ஏறினேன். ஒவ்வொரு படியிலும், இந்தப் படியில் சொல்லிவிடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான்கு போனது. ஆறு போனது. ஏழாவதில் நின்று மூச்சு விட்டார். நாளைக்குப் பார்க்கலாமா என்றேன். எட்டு. ஒன்பது.

ஒன்பதாவது படியில் மறுபடி நின்றார். திரும்பாமலே பேசினார்.

"அவளோட சாம்பல் கலர் ஸ்வெட்டர் இருக்குல்ல, முழங்கையில ஒட்டுப்போட்டது. அதை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா மாப்பிள்ளை? ஆறு மாசமா அதை நெனச்சுக்கிட்டுத்தான் காலை ஆட்டினேன்."

"அத்தை, மேல எதுவும் இல்ல."

"என்ன இல்ல?"

"துணி, புஸ்தகம், எதுவுமே இல்ல. நீங்க விழறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கொடுத்துட்டேன். அவ போன மூணாவது வாரமே."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்கு நேராக அவர் முதுகும், அதற்குக் கீழே இரண்டு குதிகால்களும்தான். விழுந்தால் பிடிக்க என் கை தயாராக இருந்தது. அந்தக் கையை அவர் விரும்புவாரா என்று தெரியவில்லை.

கீழே சின்னவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

திரும்புவார், இறங்க வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நடுப்படியில திரும்பக்கூடாதுன்னு டீச்சரம்மா சொல்லியிருக்கு" என்றார். நல்ல காலைத் தூக்கிப் பத்தாவது படியில் வைத்தார்.

மீதி நான்கு படிகளை நான் எண்ணவில்லை.

அறைக் கதவை அவரே திறந்தார். பலகை தெரியும் கட்டில். ஒன்றுமில்லாத மேசை. அலமாரிக்கு நேராகப் போய் இரண்டு கதவையும் விரித்தார். நான்கு தட்டிலும் அந்துருண்டைகள். வெள்ளை வெளேரென்று, ஒரு விரல் இடைவெளியில், வரிசை தப்பாமல். ஆறு பொட்டலமும் அங்கே இருந்தது. வாடை கண்ணைக் கரித்தது.

அத்தை ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார்.

"இதை மட்டும் சொன்னபடி செஞ்சிருக்கீங்க."

கட்டிலில் போய் உட்கார்ந்தார். உட்காரும் உயரம் போதுமா என்று என் கண் தானாக அளந்தது. போதும்.

"எதுக்கு மாப்பிள்ளை கொடுத்தீங்க?"

தெரியவில்லை என்றேன். அன்று எனக்கு எதுவுமே தோன்றவில்லை, வேலைக்குக் கிளம்புவது போல எழுந்து கட்டினேன் என்றேன். வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை.

"கட்டும்போது அழுதீங்களா?"

"இல்ல அத்தை."

"அதையாவது பொய் சொல்லியிருக்கலாம்."

ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதன் ரப்பர் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தே சொன்னார்.

"அங்க ஆஸ்பத்திரியில, டீச்சரம்மா கேட்டதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு, நீங்க தாளை ஒளிச்சுட்டீங்கன்னு. ஏன்னு யோசிச்சேன். தனியா இருக்கப் பயம், நான் நடக்க ஆரம்பிச்சா மகன் வீட்டுக்குப் போயிடுவேன்னு ஒளிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். பாவம் பிள்ளைன்னு உங்களுக்காகப் பொய் சொன்னேன். உள்ளுக்குள்ள சந்தோஷமாக்கூட இருந்துச்சு, இன்னும் ஒருத்தருக்கு நான் வேணும்னு இருக்கேன்னு."

காரில் முழங்கையில் தட்டிக்கொடுத்தது அதற்குத்தான்.

வாழ்க்கையில் நான் யார் முன்னாலும் அப்படிச் சிறுத்துப் போனதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நினைத்ததுதான் காரணமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கும் வெட்கப்பட்டேன்.

வாசலில் சின்னவன் நின்றிருந்தான். எப்போது ஏறி வந்தான் என்று தெரியவில்லை. காலி அலமாரியைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. அப்போதுதான் எனக்கு ஏதோ உறைக்கத் தொடங்கியது.

"அம்மா, எல்லாம் போகல" என்றான். "ஆறுதான் போச்சு."

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு ஒரு கையெழுத்து வாங்க வந்தேன். வாசல்ல ஏழு மூட்டை இருந்துச்சு. ஒண்ணோட ஓரத்துல அக்கா செருப்பு தெரிஞ்சுது. வண்டி வர்றதுக்குள்ள அதைத் தூக்கிட்டுப் போயிட்டேன். மாமாகிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பாரு. கேக்கல. திருடன் மாதிரி எடுத்துட்டுப் போனேன்."

அப்படியென்றால் அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்துருண்டையோடு மாடியேறும்போது அவன் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கதவைச் சத்தமாக மூடிவிட்டு நான் இறங்கி வருவேன். ஒரு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்ப்பான். அது அவன் தொழில் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பார்வைகள் ஒவ்வொன்றாக இப்போது திரும்பி வந்தன.

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?" என்றார் அத்தை.

"சொன்னா நீ காலை ஆட்டறதை நிறுத்திடுவியோன்னு."

அத்தை அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நல்லா வாய்ச்சீங்கடா ரெண்டு பேரும்" என்றார். அந்த 'டா'வில் நானும் இருந்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவை. ஒருவிதத்தில் அது ஆறுதலாக இருந்தது, சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

"பிரிச்சுப் பாத்தியா?"

"இல்லம்மா. கட்டில் அடியில வெச்சிருக்கேன். கை வரல."

"போய் எடுத்துட்டு வா."

அவன் நாளைக்குக் கொண்டுவருவதாகவும், இப்போது முதலில் கீழே இறங்கிச் சாப்பிடட்டும் என்றும் சொன்னான். அத்தை கேட்கவில்லை. இன்று ஏறத்தான் தெம்பு இருந்தது, இறங்க இல்லை என்றார். என்னிடம் தன் மெத்தையையும் முழங்கால் தலையணையையும் மேலே கொண்டுவரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டுக்குப் போவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

சின்னவன் படியிறங்கினான். நானும் மெத்தைக்காகக் கிளம்பினேன். கதவருகே அத்தையின் குரல் நிறுத்தியது. அவர் ஒரு அந்துருண்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"செருப்பு வெச்ச மூட்டையில, கூட என்ன வெச்சீங்க? ஸ்வெட்டர் அதுலயா?"

எங்கள் மூவரில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். ஏழையும் கட்டியது என் கை. யோசித்தேன். கயிறு நினைவிருந்தது. பச்சைக் கயிறு. முடிச்சுகூட நினைவிருந்தது. லிஃப்ட் சோதனைக்கு எடையை இறுக்க நாங்கள் போடும் இரட்டை முடிச்சு. உள்ளே என்ன போட்டேன் என்று ஒன்றுகூட நினைவில்லை.

கீழே சின்னவனின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அத்தை இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.